பத்தொன்பதாவது சுற்று

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாடிக் கட்டடம். உச்சியில் ஓலை காயப்போட மொட்டைமாடி. தரையில் ஓலை ஊறவைக்க இரண்டு சிமெண்ட் தொட்டி. நடுவில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கூடை பின்னும் கூடம். இது அத்தனையும் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத ஒரு ஆள் கட்டியது. அந்த ஆள் நான்தான். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது தகர ஷீட் போட்ட ஒரு கொட்டகை. முதல் புயலிலேயே அந்த ஷீட் பறந்து பக்கத்துத் தெரு மாட்டுக்கொட்டகை மேல் போய் உட்கார்ந்துகொண்டது. மாட்டுக்காரர் அதைத் தன் கூரையென்றே சாதித்தார். என் மச்சான் ஒரு கல்யாணப் பந்தியில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "ஊர்ல அவனவன் பிளாஸ்டிக் விக்கறான், இவுரு புல்லச் சுத்திப் பொழைக்கப் போறாராம்" என்றான். இன்றைக்கு அவன் வீட்டில் வெங்காயம் போட்டு வைப்பது என் பட்டறைக் கூடையில்தான். பேங்கில் என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். ஒரு தடவை போட்ட கையெழுத்து மறுதடவை வரவில்லையாம். எழுத்துக் கூட்டக் கற்றதெல்லாம் பிற்பாடுதான். அப்போது ஆர்டர் சீட்டைப் படிக்க வராததால், வருகிறவர் கையில் கரிக்கட்டியைக் கொடுத்து, "செவுத்துல வரைஞ்சு காட்டுங்க" என்பேன். அந்தச் சுவருக்கு இன்றுவரை வெள்ளையடிக்க விட்டதில்லை.

இப்போது, புதிதாகச் சேரும் உங்களுக்காக ஒரு கையேடு அச்சடிக்கப் போகிறார்கள். ஓய்வில் இருக்கிற என்னிடம் நாலு பக்கம் எழுதிக் கேட்டார்கள். அட்டையை முன்கூட்டிக் காட்டினார்கள். நம் திருப்புக் கூடையின் படம். அடிப்பாகத்தில் தையல் ஒரு பக்கம் சாய்ந்தும், பக்கச் சுவரில் எதிர்ப்பக்கம் சாய்ந்தும் போகுமே, அது. கீழே, "எங்கள் பட்டறையின் சிறப்பு வடிவம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். வடிவம் தானாக மரத்தில் காய்த்து விழுந்த மாதிரி. அது எப்படி வந்தது என்று எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

கூடை பின்னுவது எப்படி என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கோரைப்புல்லை விரல் தடிமனுக்குத் திரட்டி, ஈரமான பனங்குருத்துக் கீற்றால் சுற்றி, கோணி ஊசியால் முந்தைய சுற்றோடு சேர்த்துத் தைத்துக்கொண்டே போகிறோம். நத்தை ஓடு மாதிரி வளர்கிறது. வலது கைக்காரர் தைத்தால் ஒரு திசையில் வளரும். இடது கைக்காரர் தைத்தால் எதிர்த்திசையில், தையலின் சாய்வும் எதிராக விழும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த வேலையைக் காட்டிக்கொடுத்தவர் பெரியக்கா. பெயர் போட அவர் சம்மதிக்கவில்லை. "பெரியக்கான்னு போடு. எல்லாரும் அப்பிடித்தான கூப்புடறாங்க" என்றுவிட்டார். வில்லியனூர் பக்கத்து விவசாயக் குடும்பம். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் போவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். நல்ல மனநிலையில் இருந்தால் என்னைத் தம்பி என்பார். கிண்டல் வந்தால் மொதலாளி என்பார். பெரும்பாலும் நான் மொதலாளிதான்.

கூடையில் கஷ்டமானது நடு. முதல் சுற்று, சின்ன வட்டம், இரண்டு கட்டைவிரலாலும் கவ்விப் பிடித்தால்தான் நிற்கும். நான் முதன்முதலில் போட்ட நடுவில் என் சுண்டுவிரலே நுழைந்தது. அக்கா அதன் வழியாக ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, "மொதலாளி, இதுல அரிசி அளக்க முடியாது. மழை வருதான்னு பாக்கலாம்" என்றார். அப்படிக் கற்றுக்கொண்டேன்.

இனி, நான் போட்ட சட்டத்தைச் சொல்ல வேண்டும். பாதிச் சுற்றில் யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஈரக் கீற்று பாதியில் காய்ந்தால் இறுகி, அந்த இடத்தில் மேடு விழும். எத்தனை வருஷம் போனாலும் அந்த மேடு மறையாது. அதனால், சுற்றை முடித்துவிட்டு எழுந்திரு. சாப்பாடோ, போனோ, வாசலில் உறவுக்காரரோ, எதுவானாலும் சுற்றை முடித்துவிட்டு. என் பட்டறைக் கூடையில் மேடு கிடையாது என்று பீச் பக்கத்துக் கடைகளில் பெயர் வாங்கியது இந்தச் சட்டத்தால்தான். அப்படித்தான் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு மதாம், பிரெஞ்சு மரியாதையில் அப்படிக் கூப்பிடுவோம், நம் தமிழ் அம்மாதான், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் குடும்பம். பீச் பக்கம் ரொட்டிக்கடை திறந்தார். ரொட்டி அடுக்க ஆறு கூடை கேட்டார். அதில் ஒன்று கடை வாசலில் வைக்கப் பெரிய கூடை. அடிப்பாகமே ஒன்றரை முழ அகலம். அதை அக்கா தவிர யாரிடமும் கொடுக்க எனக்கு மனமில்லை. அடிப்பாகம் தட்டையாகப் பதினெட்டுச் சுற்று ஏறிவிட்டது. பத்தொன்பது முடிந்ததும் பக்கச் சுவரைத் தூக்க வேண்டும்.

அன்று காலை, டீ வருவதற்கு முன்னால், அக்கா கையிலிருந்து ஊசி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி சிரித்தாள்.

"என்னாக்கா, ஊசி ஒங்க மேல கோவிச்சுக்கிச்சா?"

"கை மரமரன்னு இருக்குதுடி. ராத்திரி அது மேலயே படுத்துட்டேன் போல."

டீ வந்தது. அக்கா டம்ளரை இடது கையால் வாங்கினார். நான் பார்த்தேன். பார்த்தும், எனக்குக் கண்ணில் பட்டது அவர் கை அல்ல, கூடை. பத்தொன்பதாவது சுற்றில் தையல் தளர்ந்து போயிருந்தது, ஒன்று நீளம், ஒன்று குட்டை. அக்கா கூடையில் அப்படி நான் பார்த்ததே இல்லை.

"தம்பி, முடியல. கொஞ்சம் படுத்துக்கறேன்" என்றார்.

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "இன்னும் கால் சுத்துதானக்கா. முடிச்சுட்டுப் போய்ப் படு."

அவர் முடித்தார். என் சட்டம் அது, அவரே எத்தனையோ பேரை அதற்காக அதட்டியிருக்கிறார். மரத்த கையால், இடது கையைத் துணைக்கு வைத்துத் தள்ளித் தள்ளி, அந்தக் கால் சுற்றை முடித்தார். கடைசித் தையல் போட்டு நிமிர்ந்தபோது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. செல்வி போட்ட கத்தலில்தான் எனக்குப் புத்தி வந்தது.

ஆட்டோவில் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அக்கா ஏதோ சொல்லப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. உள்ளே ஒரு இளவயசு டாக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப ஆரம்பிச்சுது? கரெக்டா நேரம் சொல்லுங்க."

இப்பதான் என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. பொய் நாக்கு நுனியில் நின்றது. ஏன் உடனே கூட்டிவரவில்லை என்று அடுத்துக் கேட்பாரே, அந்தப் பயம். பக்கத்தில் செல்வி நின்றாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"டீக்கு முன்னாடியே சார்" என்றேன். "ஒம்பதரை இருக்கும். நான்தான் வேலைய முடிச்சுட்டுப் போன்னு சொன்னேன்."

அந்த இரண்டாவது வாக்கியத்தை அவர் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு ஓடினார். உங்களில் யாராவது ஒருநாள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்புக்கு வருவீர்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யாரும் உங்கள் மேல் குற்றம் தேடவில்லை. அவர்களுக்கு வேண்டியது மணி. அதைச் சரியாகச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு சுமக்கலாம். சுமக்க நிறைய நாள் இருக்கிறது.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. பேச்சு மெதுவாகத் திரும்பி வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. மடியில் வைத்தால் இருக்கும், பிடி கிடையாது.

பட்டறைக்குத் திரும்பிய அன்று செல்வி ஒரு காரியம் செய்தாள். பாதியில் விட்டுப்போன தன் கூடையை எடுத்தாள். நாங்கள் கிளம்பும்போது அதன்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். துணியை எடுத்தோம். கீற்று போட்டபடியே ஈரமாக இருந்தது. ஒரு மேடு இல்லை. ஒரு ஈரத்துணி. இத்தனை வருஷமும் கூடத்தின் மூலையில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்த துணி. என் சட்டம் நன்றாக நடந்ததால் அதற்கு மாற்று உண்டா என்று யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அன்று மாலையே சட்டத்தை எடுத்துவிட்டேன். இப்போது உங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு ஈரத்துணி இருக்கிறதே, அது அன்றிலிருந்து வந்தது.

அக்காவின் கூடையை ஆணியில் மாட்டினேன். வேறு யாரையாவது வைத்து முடித்துவிடலாம் என்று கூடத்தில் பேச்சு வந்தது. நான் விடவில்லை. மற்ற ஐந்தும் ரொட்டிக்கடைக்குப் போய்விட்டன. மதாம் போன் செய்யும்போதெல்லாம், "பதினஞ்சு நாள்ல வந்துரும் மதாம்" என்பேன். மூன்று மாதமாகப் பதினைந்து நாள் சொன்னேன்.

ஒருநாள் வில்லியனூர் போனேன். அக்காவின் மகன் வாசலிலேயே நிறுத்தினான். "இனிமே அம்மா வேலைக்கு வராது. தப்பா நெனைக்காதீங்க" என்றான். தப்பாக நினைக்க எனக்கு என்ன தகுதி. அக்கா உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"கூடைய யாராச்சும் முடிச்சாங்களா?"

"இல்லக்கா. ஆணியில கெடக்குது."

"மூணு மாசமாவா? மதாம் ரொட்டிய என்னா தரையிலயா கொட்டி வெச்சிருக்கறாங்க?" பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "நாளைக்கி என்னைய பஸ்ஸுல ஏத்தி வுடு. வெறுங்கையா ஊட்டுல ஒக்காந்துனு இருந்தா நான் செத்துருவேன்."

மகன் என்னை முறைத்தான். மறுநாள் அவனே கூட்டிவந்து விட்டான்.

புதுக் கூடை ஆரம்பிக்கலாமே என்று செல்விதான் கேட்டாள். இடது கைக்குத் தோதாக, எதிர்த்திசையில். அக்கா தலையாட்டி மறுத்தார். "நடு போட ரெண்டு கட்டவெரல் வேணும்டி. எங்கிட்ட ஒண்ணுதான் இருக்குது." ஆக, ஏற்கனவே நடு போட்டு வைத்திருந்த அந்தக் கூடை ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அது வந்தால் அவர் பின்னுகிறவர். வராவிட்டால் இல்லை. அது கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வலது கையைக் கூடைமேல் பாரமாக வைத்துக்கொண்டார். செல்வி புல்லைத் திரட்டிக் கொடுத்தாள். இடது கையால் ஊசி. நடக்கவில்லை. கூடை வலது கைக்காக வளர்ந்த கூடை. புல்லின் நுனி எப்போதும் செத்த கைப்பக்கம் போய் நின்றது. ஊசியை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோய்க் குத்த வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு அரை சாண் தைப்பார், மாலையில் பார்த்துவிட்டுப் பிரிப்பார். நாலு நாள் இப்படி. நாலாம் நாள் மதியம் கூடையைத் தூக்கி எறிந்தார். பலமாகக்கூட எறிய முடியவில்லை. என் காலடியில் வந்து விழுந்தது.

"எடுத்து அடுப்புல வெய் தம்பி. எனக்கு வேணாம்."

மொதலாளி என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? தம்பி என்றார். கிண்டலுக்குக்கூட அவரிடம் தெம்பு மிச்சமில்லை.

குனிந்து எடுத்தேன். கூடை குப்புற விழுந்திருந்தது.

இங்கே என் பழைய பிழைப்பைச் சொல்ல வேண்டும். இந்தப் பட்டறைக்கு முன்னால் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் கூடை சுமந்தேன், பத்து வருஷம். படகிலிருந்து ஏலம் போடும் இடத்துக்கு. கூடையை எல்லோரும் மேலேயிருந்து பார்ப்பார்கள், உள்ளே என்ன மீன் என்று. நான் கீழேயிருந்து பார்த்தவன். தலைக்கு மேல் தூக்கும்போது கண்ணுக்கு நேரே தெரிவது அடிப்பாகம்தான். மேலேயிருந்து பார்த்தால் வலப்பக்கம் ஓடுகிற சுற்று, கீழேயிருந்து பார்த்தால் இடப்பக்கம் ஓடும். இது எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. தண்ணீர் முகத்தில் ஒழுக ஒழுகப் பார்த்தது.

குப்புற விழுந்த கூடையை அப்படியே, திருப்பாமல், அக்கா முன்னால் பலகைமேல் வைத்தேன்.

"என்னா மொதலாளி, கவுத்து வெக்கறீங்க? எனக்குக் கண்ணும் போயிருச்சுன்னு நெனச்சுட்டீங்களா?"

"கவுந்தாப்லயே பாருக்கா. நுனி எந்தப் பக்கம் இருக்குது?"

அக்கா பார்த்தார். விரலைச் சுற்றின் மேல் வைத்து ஓட்டினார். நுனி இடது கைப்பக்கம் வந்து, வா என்று நின்றுகொண்டிருந்தது. செல்வி வாயில் கை வைத்தாள். அக்கா ஊசிக்குக் கை நீட்டினார்.

பத்துத் தையல் போட்டுவிட்டு நிறுத்தினார். பத்தொன்பதாவது சுற்றைப் பார்த்தார். ஊசி விழுந்த நாளின் சுற்று, இழுத்தும் தளர்ந்தும் கோணலாகக் கிடந்தது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அக்கா, அந்தச் சுத்தப் பிரிச்சுரலாம். செல்வி பிரிச்சுக் குடுப்பா. புதுசாத் தெச்சுக்கலாம்" என்றேன். என் கண்ணுக்கு அது தையல் இல்லை. நான் சொன்ன சொல்.

அக்கா அந்தச் சுற்றின் மேல் இடது முஷ்டியை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒரு தடவை. இடம் மாற்றி இன்னொரு தடவை.

"பிரிச்சா கீழ்ச்சுத்துல ஓட்ட பெருசாயிடும். அப்பறம் மொத்தமும் ஆடும்" என்றார். "இருக்கட்டும் தம்பி. தாங்கும்."

அதற்குமேல் அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அன்றும் இல்லை, இன்றுவரையும் இல்லை. நான் தொட்டி ஓரம் போய் வெகுநேரம் ஓலையை அலசிக்கொண்டிருந்தேன். ஏற்கனவே அலசிய ஓலை.

சுவர் ஏறி முடிய ஒரு மாதத்துக்குமேல் ஆனது. அதற்குள் மதாம் பொறுமையிழந்து, ஆட்டோ பிடித்து முத்தியால்பேட்டைக்கே வந்துவிட்டார். சண்டைக்குத்தான் வந்தார். கூடத்தில் நுழைந்து, பலகை முன்னால் அக்கா உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். கூடையின் மேல் விரலை ஓட்டினார். தையல் அடியில் ஒரு பக்கம் சாய்ந்து, கோணல் சுற்றைத் தாண்டியதும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

"ஓலாலா. இது நடுவுல திரும்பிப் போவுதே?"

"ஆமா மதாம், திரும்பிட்டுது" என்றார் அக்கா. "வேணான்னா சொல்லுங்க. என் ஊட்டுல துணி போட்டு வெச்சுக்கறேன்."

"வேணாவா? நாலு மாசம் காத்துனு இருந்தது வேணான்னு சொல்லவா?"

கூடை வாசலில் வந்து உட்கார்ந்தது. ரொட்டி வாங்க வந்தவர்கள் கூடையை விசாரித்தார்கள். இதே மாதிரி வேண்டும் என்று ஆர்டர் வந்தது. இரண்டு கையும் நன்றாக இருக்கிற பெண்கள், அடிப்பாகம் முடித்துக் கவிழ்த்துப் போட்டு, இடது கையால் சுவர் தைக்கப் பழகினார்கள். அதுதான் உங்கள் அட்டையில் இருக்கிற திருப்புக் கூடை. அடிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சுற்றை வேண்டுமென்றே கொஞ்சம் தளர்த்தித் தைக்கச் சொல்கிறோமே, அழகுக்கு என்று நினைத்திருப்பீர்கள். அழகுக்கு இல்லை.

அக்கா இன்னமும் வருகிறார், வாரத்தில் மூன்று நாள். இடது முழங்கை பக்கத்தில் இருப்பவரை இடிப்பதால் வரிசையின் கடைசி இடம் அவருக்கு. அங்கே புதிதாக யாரும் உட்கார வேண்டாம். இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அம்மாம் பெரிய மொதலாளி. என்னா செஞ்சீங்க? கவுத்தீங்க. அதுக்கு இவ்ளோ பேப்பரா?" என்றார்.

ஆமாம், கவிழ்த்தேன். அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

கையேடு அச்சடிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், அட்டையைத் திருத்துங்கள். "இந்தக் கூடையின் நடுவும் சுவரும் பெரியக்கா" என்று போடுங்கள், பெரிய எழுத்தில். அதில் எனக்குப் பங்கில்லை. அதற்குக் கீழே என் பங்கைப் போடுங்கள், நான் கட்டிய பட்டறை, விட்டுக்கொடுக்க மாட்டேன். கூடையைத் திருப்பிப் போட்டவன் நான். பத்தொன்பதாவது சுற்றை முடித்துவிட்டுப் போ என்று சொன்னவனும் நான். இரண்டையும் ஒரே வரியில், ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். இடம் போதவில்லை என்று ஒன்றை வெட்டுவதாக இருந்தால் என் பெயரே வேண்டாம். ஆனால் இடம் போதும். அட்டையை நானே அளந்து பார்த்துவிட்டேன்.